ரவுட்டரைத் திரும்ப மாட்டுங்கள்

அன்புள்ள சார்,

பெங்களூர் அல்சூர் கௌதமபுரத்தில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, இரண்டாம் பியூசி (பன்னிரண்டாம் வகுப்பு). கெமிஸ்ட்ரியில் ஃபெயில். ராத்திரி முழுக்க போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி கேம் ஆடுகிறான், விடிந்த பிறகு தூங்குகிறான். முழங்காலில் அடிபட்டு ஃபுட்பால் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் அவன் அப்பா ரவுட்டரைக் கழற்றி கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை, பீரோ கண்ணாடியை உடைத்துவிட்டான். ஓசூர் பக்கம் ஒரு சென்டர் இருக்கிறது, மூன்று மாதம் போனைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து அனுப்புவார்கள் என்கிறார் என் அண்ணன். பக்கத்து வீட்டு அக்கா இங்கே இருக்கும் நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். அங்கே போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடாதா? இது நோயா, கொழுப்பா? அவனுக்குத் தமிழ் படிக்க வராது, அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொழுப்பு இல்லை. நோயா என்று நானும் சொல்ல முடியாது, உங்கள் அண்ணனும் சொல்ல முடியாது.

இந்த 'இணைய அடிமை நோய்' என்ற பேச்சின் தொடக்கத்திலேயே ஒரு கிண்டல் இருக்கிறது. 1995-ல் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் இவான் கோல்ட்பர்க், மனநோய்ப் பட்டியல்களைக் கேலி செய்வதற்காக இப்படி ஒரு நோயைக் கற்பனை செய்து, அறிகுறிகளோடு இணையத்தில் போட்டார். எனக்கு இது இருக்கிறது என்று நிஜமாகவே ஆட்கள் வந்து நின்றார்கள்! இன்றைக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இணைய அடிமைத்தனம் என்று தனியாக எதுவும் கிடையாது. வீடியோ கேம் கோளாறு உண்டு. 2019-ல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்று மட்டும் பார்த்து அதை முடிவு செய்வதில்லை. ஆட்டம் அவன் கட்டுப்பாட்டை மீறிப் போய்விட்டதா, சாப்பாடு தூக்கம் படிப்பு எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறானா, இதெல்லாம் ஒரு வருஷ காலமாவது நீடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். உங்கள் மகனுக்குப் பொருந்தும் போலத்தான் படுகிறது. அதற்கு மேல் கடிதத்தை வைத்துச் சொன்னால் நான் போலி டாக்டர்.

எனக்கு உறுத்தியது வேறொன்று. ஃபுட்பால் நின்றதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கண்ணாடி உடைந்ததற்குப் போய்விட்டீர்கள். பெலேவுக்குச் சிலை வைத்த பேட்டை உங்களுடையது. அங்கே ஒரு பையன் ஃபுட்பாலை விட்டால் அவனுக்கு என்னவெல்லாம் போகும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சாயங்காலம் போயிற்று, கூட்டாளிகள் போனார்கள், 'பாஸ் பண்ணுடா' என்று பேர் சொல்லிக் கத்த ஆளில்லாமல் போயிற்று. பிறகு போனில் ஓர் அணி கிடைத்தது. பிஜிஎம்ஐயில் ஓர் ஆட்டத்துக்கு 100 பேர் வரை இறங்குவார்கள். நாலு பேர் சேர்ந்து ஓர் அணி, காதில் மைக், முடிய அரை மணி நேரம் பிடிக்கும். நடுவில் ரவுட்டரைப் பிடுங்கினால் அவனைப் பொறுத்தவரை மூன்று பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடியதாக ஆகிறது. கண்ணாடியை உடைத்தது தப்புதான். ஆனால் அவன் கோபம் வெறும் வைஃபைக்கானது என்று நான் நினைக்கவில்லை.

அணி மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். ஆட்டத்தில் அடுத்த வீட்டுக்குள் நுழைந்தால் நல்ல துப்பாக்கி கிடைக்குமா, வெறுங்கையா என்று முன்கூட்டித் தெரியாது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்குத்தான் மனசு அதிகம் அலையும். லாட்டரிச் சீட்டு விற்றவர்களுக்கு எப்போதோ தெரிந்த சங்கதி. (நானும் யோக்கியன் இல்லை. இந்தத் தளத்துக்கு இன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்க்கிறேன்.)

உங்கள் கணவர் செய்ததைத் தென்கொரியா ஒரு நாடாகவே செய்து பார்த்தது. 2011-ல் சட்டம் போட்டு, 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆன்லைன் ஆட்டங்களை மூடினார்கள். பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு ஆடினார்கள். பத்து வருஷம் கழித்து அந்தச் சட்டத்தையே கைவிட்டார்கள்.

அண்ணன் சொல்லும் சென்டர் வேண்டவே வேண்டாம். சீனாவில் இப்படிப்பட்ட முகாம்கள் நிறைய முளைத்தன. இணையப் பழக்கத்தை விடவைக்கப் பிள்ளைகளுக்கு மின் அதிர்ச்சி வரை கொடுத்து, 2009-ல் அந்நாட்டு சுகாதார அமைச்சகமே அதை நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது. நம் நாட்டில் 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரை மனநல நிலையத்தில் சேர்த்தால் பெற்றோரோ அவர்கள் ஏற்பாடு செய்யும் ஆளோ கடைசி வரை கூடவே தங்க வேண்டும். பையனை விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று ஓர் இடம் சொன்னால் அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படி ஓர் இடத்தில் 90 நாள் போனைத் தொடாமல் இருந்துவிட்டு வந்தான். வந்த அன்று ராத்திரியே ஆடினான். இப்போது அப்பாவோடு பேசுவதும் இல்லை.

நிமான்ஸ் போங்கள். பழைய ஆட்கள் அதைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். ஓசூர் ரோட்டில் அதன் வாசலில் ஒருநாள் காலையில் போய் நின்று பாருங்கள். வலிப்பு, பக்கவாதம், தலைவலி என்று எத்தனை பேர் வருகிறார்கள்! அங்கே 2014-ல் 'ஷட் கிளினிக்' என்று ஆரம்பித்தார்கள். தொழில்நுட்பத்தை ஆரோக்கியமாகப் பயன்படுத்துவதற்கான சேவை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. போனை ஒழிப்பதாக அந்தப் பேரில் எங்கும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. முதலில் பேசுவார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் மனச்சோர்வோ, பதற்றமோ, கவனச்சிதறல் கோளாறோ ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அதற்கு மருந்து தரலாம். கேம் பழக்கத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. எந்த நேரத்தில், எந்த மனநிலையில் கை போனுக்குப் போகிறது என்று அவனையே கவனிக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவார்கள். மாதக்கணக்கில் ஆகும்.

அவன் வர மாட்டேன் என்றால் முதலில் நீங்கள் 14416-க்கு போன் பண்ணுங்கள். டெலி மானஸ், 2022-ல் தொடங்கிய அரசு மனநல ஆலோசனை சேவை, இலவசம், இருபத்து நாலு மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம், பேர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அதுவரை வீட்டில் ஒன்றே ஒன்று: தூக்கம். கெமிஸ்ட்ரி அப்புறம் இருக்கட்டும். பத்து மணிக்கு வை என்று சொல்லாமல் 'இதுதான் கடைசி மேட்ச்' என்று அவனையே ஒப்புக்கொள்ள வையுங்கள், அதை வாரா வாரம் அரை மணி முன்னால் கொண்டுவாருங்கள். முழங்காலை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். ஒரு வருஷமாக அதை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ரவுட்டரை இன்று சாயங்காலமே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு அவன் பக்கத்தில் ஒரு மேட்ச் முழுக்க உட்காருங்கள். ஆட்டத்துக்குள் எல்லோரும் தனிப் பேர் வைத்திருப்பார்கள். அங்கே அவன் பேர் என்ன? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.