மோர் குடித்தால் அரிப்பு போகுமா? – ஆச்சி பதில்கள்

வெயில் ஏற ஏற அரிப்பு, வெள்ளைப்படுதல், நாக்கில் மாவு என்று வருகிற கடிதங்களும் ஏறுகின்றன, அதனால் இந்த முறை எல்லாமே ஈஸ்ட் என்கிற பூஞ்சையின் சங்கதிதான். நர்ஸாக இருந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள், சரி, ஆனால் ஆச்சி டாக்டர் இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆச்சி, எனக்கு 34 வயது. பல் பிடுங்கியதற்கு ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். அது முடிந்த வாரமே கீழே தாங்க முடியாத அரிப்பு, திரிதிரியாக வெள்ளைப்படுகிறது. மாமியார் "உடம்புச் சூடு, வெந்தயத்தை ஊறவைத்து மோரில் குடி" என்கிறார். தோழி பூண்டுப் பல்லை உள்ளே வைக்கச் சொல்கிறாள். மருந்துக்குப் போகாமல் சரிசெய்ய முடியாதா?
— பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: முதல் வேலையாக அந்தப் பூண்டைக் குழம்புக்குத் திருப்பி அனுப்புங்கள், தாயி. ஆய்வுக்கூடத்துத் தட்டில் பூண்டுச்சாறு பூஞ்சையை அடக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இடத்துத் தோல் தட்டு இல்லை, வெந்து புண்ணாகும். அப்படிப் புண்ணாக்கிக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் கேண்டிடா என்கிற ஈஸ்ட். அது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை, வாய், குடல், தோல், பெண்ணுறுப்பு என்று எப்போதும் நம்மோடு இருப்பதுதான். அங்கே லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரந்து பிஹெச் என்கிற புளிப்பு அளவை 3.8 முதல் 4.5 வரை வைத்துக்கொண்டு காவல் காக்கும். பல்லுக்குக் கொடுத்த ஆண்டிபயாடிக்குக் கெட்ட பாக்டீரியா எது நல்லது எது என்று தெரியாது, எல்லாவற்றையும் அடித்துவிடும், பூஞ்சையை மட்டும் அது தொடாது. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வளவு வீட்டில் கரையான் ஏறுகிற கதைதான். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வரும் என்பதால் இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. உடம்புச் சூடு என்று மாமியார் சொல்வதைத் தப்பென்று தள்ளவும் வேண்டாம், வெக்கையும் வியர்வை ஈரமும் ஈஸ்டுக்கு ரொம்பப் பிடித்தவை.

மோர் குடியுங்கள், தயிர் சாப்பிடுங்கள், பழைய சோறும் நீராகாரமும் நல்லது. தினமும் தயிர் சாப்பிட்ட பெண்களுக்கு இது திரும்ப வருவது குறைந்தது என்று சின்ன ஆய்வு ஒன்றும் உண்டு, அப்படி ஒன்றுமில்லை என்று சொன்ன ஆய்வும் உண்டு. வந்துவிட்ட அரிப்பை மோர் தீர்க்காது. தயிரை உள்ளே தடவுவதும் வேண்டாம், நம் வீட்டு உறை மோரில் என்னென்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வெளித்தோல் வறண்டு எரிந்தால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவலாம், எரிச்சல் அடங்கும், அவ்வளவுதான். படிகாரத் தண்ணீர், டெட்டால், வாசனை வாஷ் எதுவும் கூடாது. இருக்கிற கொஞ்ச நஞ்சக் காவலையும் அவை கழுவிவிடும், வெறும் தண்ணீர் போதும். கேரம் போர்டுக்குப் போடுகிற பவுடரை உபயோகிக்கலாமா என்று வேறொரு கடிதம் கேட்கிறது. அது போரிக் ஆசிட் அம்மா, வாயில் போனால் விஷம். சில பிடிவாதமான ஈஸ்டுக்கு டாக்டர்கள் அதை அளவு பார்த்து, விழுங்காமல் உள்ளே வைக்கிற காப்ஸ்யூலாகக் கொடுப்பது வேறு விஷயம்.

மருந்து என்று பயப்படுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. க்ளோட்ரிமசோல் மாத்திரையை ராத்திரி உள்ளே வைத்துப் படுப்பது, இல்லையென்றால் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே மாத்திரை, இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். மாசமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் வேண்டாம், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் நீங்களே கடையில் வாங்காதீர்கள். மீன் வாடை அடித்தாலோ, பச்சையாக மஞ்சளாகப் பட்டாலோ, அடிவயிறு வலித்தாலோ அது ஈஸ்ட் இல்லை, இந்த மருந்தும் கேட்காது.

இன்னொன்று, உள்ளாடையை எங்கே காயப்போடுகிறீர்கள்? முற்றத்தில் அத்தனை வெயில் அடிக்கும்போது, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பின்கட்டுக் கொடியில் புடவைக்கு அடியிலோ துண்டுக்கு அடியிலோ ஒளித்துப் போட்டு, பாதி ஈரத்தோடு எடுத்து உடுத்துகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. வெயிலில் போடுங்கள், பார்ப்பவர்கள் பார்க்கட்டும். பருத்தி உள்ளாடை போதும், வியர்வையில் நனைந்த உள்பாவாடையோடு நாள் முழுக்க கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வருஷத்தில் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். வயது 58. சர்க்கரைக்கு மருந்து மாற்றியதிலிருந்து முன்தோலில் சிவப்பு, வெடிப்பு, எரிச்சல். படைக்கு விற்கிற களிம்பைக் கடையில் வாங்கித் தடவினால் இரண்டு நாள் நன்றாக இருந்து, பிறகு முன்னைவிட மோசமாகிறது. வேப்பிலை அரைத்துப் போடலாமா?
— வாசகர், கோட்டையூர்

பதில்: மருந்து மாற்றியதிலிருந்து என்று நீங்களே துப்புக் கொடுத்துவிட்டீர்கள் ஐயா. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்று இருக்கிறதா? ரத்தத்துச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிற மருந்துகள் இவை. அந்தச் சர்க்கரை போகிற வழியில் ஒட்டினால் ஈஸ்டுக்கு விருந்து, அதனால் இந்தத் தொல்லை இவற்றுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி, ஈரம் ஒற்றி எடுங்கள்.

களிம்பின் பெயரை எழுதவில்லை, ஆனால் நீங்கள் சொல்கிற நடத்தையைப் பார்த்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது. குழாயில் குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று பொடி எழுத்தில் இருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிட்டுப் பூஞ்சையை வளர விடும், தோலும் மெலியும். இன்றோடு நிறுத்துங்கள். வெடித்த தோலில் வேப்பிலை அரைத்துப் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். கொதிக்க வைத்து ஆறிய வேப்பிலைத் தண்ணீரால் வெளியே கழுவினால் கெடுதல் இல்லை, குணமாக்கப்போவது டாக்டர் தருகிற பூஞ்சைக் களிம்புதான். உங்கள் வீட்டம்மாவுக்கும் அரிப்பு இருந்தால் அவர்களும் காட்டிக்கொள்ளட்டும், இல்லையென்றால் தேவையில்லை.

கேள்வி: காலையில் எழுந்ததும் டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பினேன். நூல் நூலாகக் கீழே இறங்கியது. அப்படி இறங்கினால் உடம்பு முழுக்க ஈஸ்டாம், இட்லி, தோசை, பணியாரம் எல்லாம் நிறுத்திவிட்டு ஒரு பவுடர் வாங்கிக் குடிக்க வேண்டுமாம். வாட்ஸ்அப்பில் வந்தது. எப்போதும் களைப்பாக வேறு இருக்கிறது.
— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: எச்சிலில் கோழை உண்டு, அது நூலாகத்தான் இறங்கும், நான் துப்பினாலும் இறங்கும். அந்தப் பவுடர் விற்கிறவர் துப்பினாலும்தான். மாவைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் பாக்டீரியா, இட்லிப் பானையின் ஆவியில் அதுவும் செத்துவிடும், இட்லியால் கேண்டிடா வராது. வெள்ளைப் பணியார மாவை நாம் புளிக்கவே வைப்பதில்லையே, ஆட்டிய கையோடு எண்ணெயில் ஊற்றுகிறோம், அதைப் போய் எதற்குக் குற்றவாளி ஆக்குகிறார்கள்? சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவுனி அரிசியையும் கந்தரப்பத்தையும் அளவாகச் சாப்பிட வேண்டும், உனக்கு அந்தக் கணக்கு இல்லை. களைப்புக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார், பவுடர் காசு மிச்சம்.

கேள்வி: அப்பத்தாவுக்கு 76 வயது. இளைப்புக்குப் பம்ப் அடிக்கிறார்கள், பல்செட் உண்டு. நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளையாகப் படிகிறது, சுரண்டினால் ரத்தம் வருகிறது. தேன் தடவலாமா?
— பேத்தி, கானாடுகாத்தான்

பதில்: தேன் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். பம்பில் ஸ்டீராய்டு இருந்தால் வாயில் தங்குகிற மருந்தே இதைக் கொண்டுவரும், ஒவ்வொரு முறை அடித்ததும் வாய் கொப்புளித்துத் துப்பச் சொல்லுங்கள். ஸ்பேசர் என்கிற குழாயைப் பம்பில் மாட்டி அடித்தால் வாயில் தங்குவதே குறையும். பல்செட்டோடு தூங்கவே கூடாது, ராத்திரி கழற்றிப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். பல்செட்டைச் சுத்தம் செய்யாமல் வாய்க்கு மட்டும் மருந்து தடவினால் பூஞ்சை அதிலிருந்தே திரும்ப ஏறும். டாக்டர் வாயில் விடுகிற சொட்டு மருந்து தருவார். எண்ணெய் கொப்புளிப்பதை இளைப்புக்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன், இருமல் வந்து புரையேறினால் வம்பு. சோறு முழுங்கும்போது நெஞ்சுக்குள் வலிக்கிறது என்றார்களானால் நாளை என்று தள்ளாமல் அன்றே கூட்டிப் போங்கள்.