படுக்கை விரிப்பதும் பச்சிளம் குழந்தையைப் பார்ப்பதும்: செய்முறைத் தேர்வுக்கு முன் ஒரு மாணவியின் கேள்வி

கேள்வி: சிஸ்டர், நான் நர்சிங் மாணவி. செய்முறைத் தேர்வில் எனக்கு இரண்டு வேலைகள். நோயாளி படுத்திருக்கும்போதே படுக்கையை மாற்ற வேண்டும். பிறந்து ஒரு நாளான குழந்தையைத் தலை முதல் பாதம் வரை பரிசோதிக்க வேண்டும். இரண்டுக்குமான படிகள் மனப்பாடமாகத் தெரியும். வார்டுக்குப் போனால் கை தடுமாறுகிறது. ஒரு படி மறந்தால் அதற்குப் பிறகு எதுவுமே நினைவுக்கு வருவதில்லை. போன வாரம் குழந்தை அழ ஆரம்பித்ததும் மூச்சை எண்ண முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன். எப்படிப் பழகுவது?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது. படிகளை வரிசையாக மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் கையைவிட்டுப் போகிறது. ஒவ்வொரு படியும் எதைக் காப்பாற்றுவதற்காக அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், மறந்த படியை நின்ற இடத்திலேயே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் படுக்கை. நீங்கள் காப்பாற்றுவது மூன்றை: நோயாளியின் தோலை, வார்டிலிருக்கும் மற்றவர்களைக் கிருமியிடமிருந்து, உங்கள் முதுகெலும்பை. எல்லாப் படிகளும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும்.

முதுகிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மாணவிகள் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். கட்டிலின் பிரேக்கைப் போடுங்கள். கட்டிலை உங்கள் இடுப்பளவுக்கு உயர்த்துங்கள். குனிய வேண்டியிருந்தால் முழங்காலை மடக்குங்கள், இடுப்பில் வளையாதீர்கள். டிராலியில் துணிகளைப் பயன்படுத்தும் வரிசைக்குத் தலைகீழாக அடுக்குங்கள். முதலில் விரிக்க வேண்டிய பெட்ஷீட் மேலே இருக்கட்டும், கடைசியில் வேண்டிய தலையணை உறை அடியில் போகட்டும். பாதியில் ஒரு துணியைத் தேடி ஓடினால், அந்த நேரம் முழுவதும் நோயாளி ஒருக்களித்தபடி தனியாகக் கிடப்பார். இப்படிப்பட்ட நொடிகளில்தான் அவர் கட்டிலிலிருந்து விழுந்துவிடக் கூடும்.

அடுத்து கிருமி. தொடங்குமுன் கை கழுவுங்கள். துணி ஈரமாகவோ இரத்தம், சிறுநீர் பட்டோ இருந்தால் கையுறை போடுங்கள். பழைய துணியை உதறக் கூடாது. உதறினால் தோல் செதில்களும் அவற்றில் ஒட்டிய கிருமிகளும் காற்றில் பரவிப் பக்கத்துக் கட்டிலில் படியும். அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி, உங்கள் சீருடையில் படாமல் தள்ளிப் பிடித்து, நேரே அழுக்குத்துணிப் பையில் போடுங்கள். தரையில் வைக்காதீர்கள், பக்கத்துக் கட்டிலின் மேலும் வைக்காதீர்கள். சுருட்டுமுன் ஒருமுறை கையால் மெல்லத் தடவிப் பாருங்கள்: மூக்குக்கண்ணாடி, செயற்கைப் பல், காது கேட்கும் கருவி, சில நேரம் ஒரு ஊசி கூட அதற்குள் இருக்கும். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு பாட்டியின் பல்செட் சலவைக்குப் போய்விட்டது. அது திரும்பி வரும்வரை அவர் கஞ்சி மட்டுமே குடித்தார். இத்தனை வருடம் கழித்தும், துணியைச் சுருட்டும்போது என் கை தானாகத் தடவிப் பார்க்கிறது.

தோல்தான் இதில் பெரிய விஷயம். அசையாமல் படுத்திருப்பவரின் உடல் எடை பின்னிடுப்பு, குதிகால், முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை போன்ற எலும்பு துருத்தும் இடங்களில் இறங்குகிறது. அங்கே தோலுக்கு இரத்த ஓட்டம் குறையும். அதன் அடியில் பெட்ஷீட்டின் ஒரு மடிப்பு இருந்தால் அழுத்தம் முழுவதும் அந்தக் கோட்டில் குவியும். ஈரம் சேர்ந்தால் தோல் ஊறி மென்மையாகும். நோயாளியைத் தூக்காமல் இழுத்தால் மேல்தோல் துணியோடு நிற்க, உள்ளே தசை நகர, நடுவிலுள்ள இரத்தக் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். படுக்கைப்புண் இப்படித்தான் தொடங்குகிறது. மைட்டர் மூலையை, அதாவது மெத்தையின் மூலையில் விரிப்பைச் சாய்வாக மடிக்கும் மடிப்பை, 45 டிகிரியில் மடித்து இறுக்கமாகச் செருகச் சொல்வது அழகுக்காக இல்லை. மூலை நழுவினால் நடுவில் சுருக்கம் விழும், அதற்காக. மெக்கின்டாஷ் எனும் ரப்பர் விரிப்பின் மேல், டிரா ஷீட் எனும் குறுக்குத் துணி விரிப்பு முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்பதும் அதனால்தான். ரப்பர் நேரடியாகத் தோலில் பட்டால் வியர்த்து ஊறிவிடும்.

இப்போது உங்கள் தேர்வுக்கான படுக்கைக்கு வருவோம். நோயாளியிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். திரையை இழுத்துவிடுங்கள். போர்வை ஒன்று எப்போதும் அவர் மேல் இருக்கட்டும். அவரை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஒருக்களிக்க வையுங்கள். அதற்கு முன்பே அந்தப் பக்கத்து சைடு ரெயில் (கட்டிலின் பக்கத் தடுப்புக் கம்பி) ஏறியிருக்க வேண்டும். பழைய விரிப்பைத் தளர்த்தி அவர் முதுகுவரை சுருட்டுங்கள். புது விரிப்பின் நடுமடிப்பைக் கட்டிலின் நடுவில் வைத்து, உங்கள் பக்கத்துப் பாதியை விரித்துச் செருகுங்கள். மறுபாதியைச் சுருட்டிப் பழையதன் பக்கத்தில் வையுங்கள். மெக்கின்டாஷ், டிரா ஷீட் இரண்டையும் அதே போல. டிரா ஷீட் தோளுக்குக் கீழிருந்து முழங்கால்வரை வந்தால் போதும். பிறகு உங்கள் பக்கத்து ரெயிலை ஏற்றிவிட்டு மறுபக்கம் போங்கள். நடுவிலுள்ள சுருளின் மேல் அவர் மெதுவாக உருண்டு புது விரிப்புக்கு வரட்டும். ‘ஒரு மேடு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை இழுத்து இறுக்குங்கள். டிரிப் குழாயும் சிறுநீர்க் குழாயும் ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். குழாயில் மாட்டிய யூரின் பேக் எப்போதும் நோயாளியின் உடலிலுள்ள சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

அவர் ஒருக்களித்திருக்கும் அந்த ஒரு நிமிடம் உங்களுக்கு அரிய வாய்ப்பு. முதுகையும் பின்னிடுப்பையும் குதிகாலையும் பாருங்கள். சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்காமல் சிவந்தே இருந்தால் புண் தொடங்கிவிட்டது, உடனே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அங்கே சூடு, வீக்கம், இறுக்கம், வலி இவற்றைக் கவனியுங்கள். தேர்வாளர் முன் இதைச் செய்கிற மாணவியை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் தேர்ச்சி பெறச் செய்வேன், மைட்டர் மூலை கொஞ்சம் கோணலாக இருந்தாலும்.

மேல் விரிப்பின் கால்பக்கத்தில் ஒரு மடிப்புத் தளர்வு விடுங்கள். துணி பாதத்தை இறுக்கிக் கீழே அழுத்தினால் நாளடைவில் பாதம் தொங்கிப்போகும். தலையணை உறையின் திறந்த வாய் கதவுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் என்பார்கள். அது பார்வைக்கான ஒழுங்கு மட்டுமே. தேர்வில் செய்யுங்கள், மறந்தால் கலங்காதீர்கள். ஆனால் முடித்தபின் கட்டிலைத் தாழ்த்துவதையும் அழைப்பு மணியை அவர் கைக்கு எட்டும்படி வைப்பதையும் மறக்கவே கூடாது.

இனி குழந்தை. இங்கேயும் வரிசைக்குக் காரணம் இருக்கிறது, அது தெரியாததால்தான் போன வாரம் மாட்டிக்கொண்டீர்கள். ‘தலை முதல் பாதம் வரை’ என்பது எழுதும் வரிசை. பார்க்கும் வரிசை வேறு. அமைதியாக இருந்தால் மட்டுமே கிடைப்பவை முதலில், அழவைப்பவை கடைசியில்.

அதற்கும் முன் ஒன்று. பலர் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் ஆப்கர் மதிப்பெண்ணில் தொடங்குகிறார்கள். அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர் வர்ஜீனியா ஆப்கர் 1953-இல் வெளியிட்ட அந்த முறை, பிறந்த 1-வது நிமிடத்திலும் 5-வது நிமிடத்திலும் போடுவதற்கானது. இதயத் துடிப்பு, மூச்சு, தசை விறைப்பு, தூண்டலுக்கு எதிர்வினை, நிறம் ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை. ஐந்தாம் நிமிடத்தில் 7-க்குக் குறைவாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, 20 நிமிடம் வரை திரும்பப் போடுவார்கள். உங்கள் குழந்தைக்கு ஒரு நாள் ஆகிவிட்டது. கேஸ் ஷீட்டில் இருக்கும் மதிப்பெண்ணைப் படித்துச் சொல்லுங்கள், புதிதாகப் போடாதீர்கள்.

கை கழுவி, கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மின்விசிறிக் காற்று நேரே படாத இடமாக இருக்கட்டும். குழந்தையைத் தொடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கைகால் மடங்கியிருக்கிறதா, தளர்ந்து விரிந்து கிடக்கிறதா? உதடும் நாக்கும் இளஞ்சிவப்பா? உள்ளங்கையும் பாதமும் முதல் நாளில் நீலமாக இருக்கலாம், நாக்கு நீலமாக இருக்கக் கூடாது. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். முழு 60 நொடியும் எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் பச்சிளம் குழந்தை வேகமாகச் சில மூச்சுகள் விட்டு, சில நொடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. நிறுத்தம் 20 நொடியைத் தாண்டினாலும், முனகல் கேட்டாலும், மூக்கு விடைத்தாலும், விலா இடைவெளி உள்வாங்கினாலும், அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, சூடாக்கிய ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பில் வைத்து இதயத் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 110 முதல் 160 வரை இருக்கும். ஆழ்ந்து தூங்கும்போது இதற்குச் சற்றுக் கீழே போகலாம், அழும்போது மேலே போகலாம். எந்த நிலையில் எண்ணினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அக்குளில் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ்.

நடுவில் அழுதுவிட்டால்? அழுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வாய் திறந்திருக்கிறது, அண்ணத்தில் பிளவு இருக்கிறதா என்று பாருங்கள். முகத்தின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோணுகிறதா? குரல் திடமாக இருக்கிறதா, கீச்சென்று ஒலிக்கிறதா? பிறகு கையுறை போட்ட சுண்டு விரலை வாயில் வையுங்கள். சப்பும் வேகமும் தெரியும், அண்ணத்தைத் தடவியும் பார்த்துவிடலாம், பெரும்பாலும் குழந்தை அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் அம்மாவின் மார்போடு சேர்த்துக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து மூச்சை எண்ணுங்கள். தேர்வாளரிடம் ‘இப்போது எண்ணினால் சரியாக இருக்காது, அமைதியான பிறகு எண்ணுகிறேன்’ என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

குழந்தையின் துணியை ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். படுத்திருப்பவரின் படுக்கையை மாற்றும்போது பாதி பாதியாக மாற்றினீர்களே, அதே முறைதான் இங்கும். பார்க்கும் பகுதியை மட்டும் திறந்து, பார்த்ததும் மூடுங்கள். பச்சிளம் குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், வெப்பம் விரைவாகப் போய்விடும், நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்குத் தெரியாது. ஈரத் துணியில், குளிர்ந்த எடைமேடையில், காற்றோட்டத்தில், பக்கத்திலுள்ள குளிர்ந்த சுவரால் கூட வெப்பத்தை இழக்கும். எடைமேடையில் சூடான துணியைப் போட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையை வையுங்கள்.

தலையில் உச்சிக்குழி தட்டையாக, மென்மையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தாலோ குழிந்திருந்தாலோ சொல்லுங்கள். தலையில் வீக்கம் இருந்தால் அது எலும்பு இணைப்புக் கோட்டைத் தாண்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். தாண்டினால் பிறக்கும்போது பட்ட அழுத்தத்தால் சேர்ந்த நீர்வீக்கம், சில நாளில் வற்றிவிடும். ஒரே எலும்புக்குள் நின்றால் எலும்புக்கும் அதன் உறைக்கும் நடுவில் தேங்கிய இரத்தம். அது வற்ற வாரக்கணக்காகும், கரையும்போது மஞ்சள் காமாலையைக் கூட்டும். தலைச் சுற்றளவை புருவத்துக்கு மேலும் பின்மண்டை மேட்டின் மேலுமாக டேப் வைத்து எடுங்கள். நிறைமாதக் குழந்தைக்குப் பொதுவாக 33 முதல் 35 செ.மீ., மார்பு அதைவிட ஏறக்குறைய 2 செ.மீ. குறைவு.

மஞ்சள் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நெற்றியிலோ மார்பிலோ விரலால் அழுத்தி எடுத்தால் அடியிலுள்ள நிறம் தெரியும். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதை இயல்பென்று விடக் கூடாது. முதுகின் கீழே நீலத் திட்டு இருந்தால் அளவோடு எழுதிவையுங்கள். தீங்கில்லாதது, ஆனால் எழுதாமல் விட்டால் பின்னாளில் அடிபட்ட காயமென்று யாராவது தவறாக எடுத்துக்கொள்ளலாம்.

தொப்புளில் இரத்தக் கசிவு, சுற்றிலும் சிவப்பு, நாற்றம் பாருங்கள். மலத்துவாரம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சிறுநீரும் முதல் கருமலமும் எப்போது போனது என்று அம்மாவிடம் கேளுங்கள். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் போயிருக்கும். பிறந்த எடையில் 10 சதவீதம் வரை முதல் வாரத்தில் குறையலாம், அதற்கு மேல் குறைந்தால் பால் குடிப்பதைக் கவனிக்க வேண்டும்.

கவிழ்த்து முதுகெலும்பைத் தடவி, குழியோ முடிக்கற்றையோ இருக்கிறதா பாருங்கள். இடுப்பு மூட்டுச் சோதனையை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தனியாகச் செய்யாதீர்கள். தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துச் சொன்னால் போதும். மோரோ அனிச்சை (தாங்கிய தலையைச் சட்டென்று சற்றே கீழிறக்கினால் குழந்தை திடுக்கிடுவது) கடைசி, அது நிச்சயம் அழவைக்கும். அதில் இரண்டு கையும் ஒன்றுபோல் விரிந்து திரும்ப அணைக்க வேண்டும். ஒரு கை மட்டும் அசையாவிட்டால் காறை எலும்பு முறிவையோ நரம்புக் காயத்தையோ சந்தேகிக்க வேண்டும்.

முடித்ததும் குழந்தையின் படுக்கை. உறுதியான, தட்டையான மெத்தை, இறுக்கமான ஒரே விரிப்பு. தலையணை வேண்டாம், தளர்ந்த போர்வை வேண்டாம், பொம்மையும் வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி சொல்கிறேன். தோழியைப் படுக்க வைத்துப் படுக்கை மாற்றுங்கள். பிறகு நீங்கள் படுத்து அவரை மாற்றச் சொல்லுங்கள். அந்தச் சுருளின் மேல் உருளும்போது எதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது என்பது அப்போதுதான் தெரியும். குழந்தைக்கு, ஆசிரியரிடமும் அம்மாவிடமும் அனுமதி கேட்டு, தினமும் ஒரு தூங்கும் குழந்தையின் பக்கத்தில் நின்று தொடாமல் மூச்சை மட்டும் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பத்துக் குழந்தைகளை அப்படி எண்ணிய பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள்.