பழைய டிஎக்ஸ்7 கீபோர்டை வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில் யமஹா டிஎக்ஸ்7 இசைக் கீபோர்டு பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த சாமானாம். யுஎஸ்பி இல்லை, பின்னால் ஐந்து ஓட்டை போட்ட வட்ட சாக்கெட்தான். என் லேப்டாப்பில் இணையுமா? ‘ஆன்டிக்’ என்று விலையை ஏற்றிச் சொல்கிறார்கள்.
- வாசகர், தேவகோட்டை

பதில்: தாராளமாக இணையும். அந்த ஐந்து ஓட்டைக்குப் பெயர் மிடி (MIDI). மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது மொழி அது. அதற்கு முன்பு ஒரு கம்பெனியின் சிந்தசைசரை (மின்னணு முறையில் ஓசை உண்டாக்கும் கருவி) இன்னொரு கம்பெனியுடையதோடு சேர்த்து வாசிக்க வைப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் சிந்தசைசர் தயாரிப்பாளர் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் இசைக்கருவி கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் முன்கை எடுத்துப் போட்டிக் கம்பெனிகளைப் பொது ஏற்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் இருவரின் கருவிகளையும் ஒரே கேபிளில் கோத்துக் காட்டினார்கள். அதே மிடி இன்றும் ஓடுகிறது. ஒரு மிடி-யுஎஸ்பி கேபிள் போதும். லேப்டாப்பில் சத்தம் வரவில்லையா, கேபிளின் இரண்டு மிடி முனைகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

ஒன்று, மிடி கேபிளில் ஓசை போகாது. எந்தக் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பது போன்ற சேதி மட்டுமே போகும். டிஎக்ஸ்7-இல் ஸ்பீக்கரும் கிடையாது. அதன் சொந்தக் குரலைக் கேட்க ஆம்ப்ளிஃபையருக்குத் தனி ஒயர் வேண்டும். அந்தக் குரலுக்காகத்தான் இதை வாங்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த எஃப்எம் முறையில் (ஒரு அலையைக் கொண்டு இன்னொரு அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஓசை உண்டாக்குவது) வரும் மணியோசையும் எலக்ட்ரிக் பியானோவும் அருமையாக இருக்கும். லேப்டாப்பை வாசிக்க மட்டும் என்றால் புது யுஎஸ்பி கீபோர்டே மேல்.

‘ஆன்டிக்’ கதைக்கு மயங்காதீர்கள். 1983-இல் வந்து, உலகம் முழுக்க லட்சத்துக்கும் மேல் விற்ற சாமான் இது. எனாமல் கும்பாவுக்கு வயது ஏறினால் மவுசு. மின்கருவிக்கு வயது ஏறினால் ரிப்பேர்.

கடையிலேயே ஓட வைத்துப் பாருங்கள். அதற்கு முன் பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். ஜப்பான் மாடல் 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் கதை முடிந்தது. 61 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். அப்புறம் பேட்டரி. உள்ளே ஒரு வில்லை பேட்டரிதான் 32 ஓசைகளையும் நினைவில் வைத்திருக்கிறது. அது தீர்ந்தால் ஓசைகள் கலைந்துவிடும். ஃபங்ஷன் பட்டனைத் தட்டி 14-ஐ அழுத்தினால் அளவு காட்டும். 3 வோல்ட் அருகே இருந்தால் சரி. போர்டில் பற்றவைத்திருப்பதால் மாற்ற மெக்கானிக் வேண்டும். அந்தக் கூலியை விலையில் கழிக்கக் கேளுங்கள்.

“எல்லாம் ஓடுது சார்” என்று கடைக்காரர் சொன்னால், அதையே பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.