நினைவுப் போர்வையில் யாருடைய தையல்?

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

இரணைமடுக் குளத்து நீர் பாயும் ஊர் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2010இல் மீள்குடியேறிய நாங்கள் முப்பது பேர் மறு ஆண்டு இளைஞர் கழகம் ஒன்றை அமைத்தோம். வாசிகசாலையைத் திருத்தியதும், கரப்பந்தாட்டத் திடலுக்காகப் பற்றை வெட்டியதும், வெள்ள நாட்களில் சமைத்துக் கொடுத்ததும் எங்கள் கழகந்தான். இன்று பாதிப் பேர் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். அந்த ஆண்டுகளின் நினைவாக, எங்கள் பழைய உடைகளின் துண்டுகளை இணைத்துப் போர்வை ஒன்று தைக்க விரும்புகிறோம். படங்களைப் பனராக அடித்தால் ஒரே நாளில் முடியும் என்று சிலரும், தையற்கடையில் கொடுத்தால் நேர்த்தியாக இருக்கும் என்று சிலரும் சொல்கிறார்கள். எங்களில் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார். அவருடைய சேர்ட் ஒன்று தாயாரிடம் இருக்கிறது. அதைக் கேட்பது சரியா?

ஒரு வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

பனர் வேண்டாம், தையற்கடையும் வேண்டாம். ஒவ்வொருவரும் தத்தம் துண்டைத் தம் கையாலேயே தைக்கட்டும். ஊசி பிடித்தறியாத தம்பிமாரின் தையல் கோணலாகத்தான் வரும். அந்தக் கோணலைப் பார்த்தே இது இன்னாருடையது என்று பத்தாண்டுகளின் பின்னும் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அமெரிக்காவில் எயிட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக 1987இல் தொடங்கப்பட்ட நினைவுப் போர்வையும் இப்படித்தான் வளர்ந்தது. மூன்றடி அகலமும் ஆறடி நீளமுமாக, ஏறக்குறைய ஒரு புதைகுழியின் அளவில், இறந்தவர்களின் நண்பர்களும் உறவினரும் தாமே துணிகளைத் தைத்து அனுப்பினார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி வொஷிங்டனில் முதன்முதலாக விரிக்கப்பட்டபோது அதில் 1,920 துணிகள் இருந்தன.

நம் மக்களிடம் பழைய துணி என்பதே அரிது என்பதை நான் அறிவேன். 2009இல் பங்கருக்கு மண்மூட்டை தைக்கச் சாக்கு இல்லாமற்போனபோது சேலைகளைத்தான் வெட்டித் தைத்தோம். என் அம்மாவின் கூறைச்சேலையும் அவ்வாறே போயிற்று. மூட்டையின் வாயைக் கட்டுவதற்காகக் கிழித்த கரையில் ஒரு சாண் மட்டும் எப்படியோ எங்களுடன் முகாமுக்கு வந்து சேர்ந்தது. அரக்குச் சிவப்பு, சரிகை கறுத்துவிட்டது, ஒரு முனையில் முடிச்சு விழுந்த சுருக்கம் இன்னும் நிமிரவில்லை. ஆகவே, கழகத்துக்கு முந்திய காலத்து உடையைக் கொண்டுவாருங்கள் என்று எவரையும் கேட்காதீர்கள். கழகத்தின் ஆண்டுகளில் உடுத்தவை போதும்: விளையாடிய ரீசேர்ட், சிரமதானத்துக்குக் கட்டிய சாரம், ஆண்டுவிழாவுக்கு உடுத்த சேலை. தொடக்கத்தில் நீங்கள் தறப்பாளின் கீழ்க் கூடியிருந்தால் அதிலும் ஒரு துண்டு வைக்கலாம். அதன்மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, உருகிவிடும். ஊசித்துளை மறையாதாகையால் இழைகளை இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

ஒவ்வொரு துண்டையும் பதின்மூன்று அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குள் போனால் பன்னிரண்டு அங்குலம் எஞ்சும். வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை வைத்தால் ஐந்தடிக்கு ஆறடிப் போர்வை கிடைக்கும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தம் சதுரத்தை அங்கேயே தைத்து, மடித்து, கடித உறையில் அனுப்பிவிடலாம். ரீசேர்ட் துணி இழுபடும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே அதன் உட்புறத்தில் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கன்வஸை ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டாமற்போகும்வரை தனியே அலச வேண்டும். பெயர்களைப் பேனையால் எழுதி விட்டுவிடாதீர்கள். பென்சிலால் எழுதி, அதன்மேல் சங்கிலித் தையல் போடுங்கள்.

குளிர்நாடுகளில் இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சு வைப்பார்கள். நம் வெயிலுக்கு அது தேவையில்லை. வங்காளப் பெண்கள் காந்தா தைக்கும்போது பழைய சேலைகளையே அடுக்கடுக்காக வைத்து, எல்லா அடுக்குகளையும் ஊடுருவி நூலோட்டம் போடுவார்கள். நீங்களும் நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலையை வைத்து, மையத்திலிருந்து ஓரங்களை நோக்கித் தைத்துப் போனால் சுருக்கம் விழாது. முடித்தபின் பொலித்தீன் பையில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

இறந்த தம்பியின் சேர்ட்டைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதை வெட்டக் கூடாது. சேர்ட்டின் பையை மட்டும் இழை இழையாகப் பிரித்தெடுக்கலாம். சேர்ட் முழுதாகத் தாயாரிடமே இருக்கும். பை இருந்த இடத்தில் துணி வெளிறாமல் பழைய நிறத்தோடு தெரியும். இசைந்தால் அவரே பிரிக்கட்டும், அவரே அதை வெறும் பருத்திச் சதுரம் ஒன்றின்மேல் தைக்கட்டும். இசையாவிட்டால் மீண்டும் கேட்காதீர்கள். அச்சதுரத்தில் தம்பியின் பெயரை நீங்கள் இருபத்தொன்பது பேரும் ஆளுக்கு ஓர் இழையாகத் தைத்து நிரப்புங்கள். அவருடைய இடத்தைக் கடைசி வரிசையில் ஒதுக்கி, அந்த வரிசையை மட்டும் இணைக்காமல் வைத்திருங்கள். தாயாரிடம் போகும் நாளில் கத்தரிக்கோலைக் கொண்டுபோக வேண்டாம். அதுவரை தைத்து முடித்த ஐந்து வரிசைகளையும் கொண்டுபோய் அவருடைய மடியில் விரித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா