கச்சேரி நேரலையில் பாட்டு ஏன் கரகரக்கிறது?

கேள்வி: எங்கள் சபாவின் மாதக் கச்சேரிகளை லேப்டாப்பில் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளை வைத்து யூடியூபில் நேரலை செய்கிறோம். மிக்சரிலிருந்து வயர் எடுத்து, லேப்டாப்பின் ஹெட்செட் துளையில் செருகியிருக்கிறோம். பாட்டு கரகரக்கிறது, சில சமயம் இரண்டு தடவை கேட்கிறது, படமும் நின்று நின்று வருகிறது என்று வெளியூர் ரசிகர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒலியைக் கவனியுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் கச்சேரி கேட்பவர் பொறுத்துக்கொள்வார். பாட்டு கரகரத்தால் எழுந்து போய்விடுவார்.

கரகரப்புக்குக் காரணம் அந்தத் துளைதான். அது மைக்கின் மிக மெல்லிய சிக்னலுக்காகச் செய்யப்பட்டது. மிக்சரிலிருந்து வருவதோ அதைவிடப் பல மடங்கு வலுவானது. லேப்டாப்பில் வால்யூமைக் குறைத்தாலும் பெரும்பாலும் பயனில்லை, உள்ளே நுழையும்போதே ஒலி சிதைந்துவிடுகிறது. லைன் இன்புட் (மிக்சரின் வலுவான சிக்னலை ஏற்கும் துளை) உள்ள ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள், ஒலியை யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. உங்கள் மிக்சரிலேயே யுஎஸ்பி அவுட் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தச் செலவும் மிச்சம்.

அடுத்தது, பலரும் கவனிக்காத விஷயம். சின்ன ஹாலில் மிருதங்கம் மைக் இல்லாமலே நன்றாகக் கேட்கும் என்பதால், மிக்சரில் அதைக் குறைத்தே வைத்திருப்பார்கள். ஹால் ஸ்பீக்கருக்குப் போகும் அந்த மெயின் அவுட்டை அப்படியே நேரலைக்கு அனுப்பினால் வீட்டில் கேட்பவருக்குக் குரல் மட்டும் தனியாக நிற்கும், மிருதங்கம் எங்கோ தூரத்தில் கேட்கும். அதனால் மிக்சரின் ஆக்ஸ் அவுட்டிலிருந்து எடுங்கள், ஒவ்வொரு மைக்கின் அளவையும் தனியாக வைத்து வெளியே அனுப்பும் வழி அது. அதை ப்ரீ ஃபேடரில் (ஃபேடருக்கு முன்பே ஒலியை எடுப்பது) வைத்தால், ஹாலுக்காக ஃபேடரை, அதாவது ஒலி அளவுத் தள்ளியை, ஏற்றி இறக்கினாலும் நேரலை பாதிக்காது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு குரல், வயலின், மிருதங்கம், தம்புரா நான்கையும் நேரலைக்கென்று தனியாக அளவு பார்த்து வையுங்கள். முடிந்தால் ஹாலைப் பார்த்தபடி ஒரு மைக்கும் வைத்து, கைதட்டலை லேசாகச் சேருங்கள்.

ஓபிஎஸ்ஸில் ஒலி அளவு காட்டும் பட்டை பெரும்பாலும் மஞ்சளில் ஆடட்டும். தனி ஆவர்த்தனத்தின் பலத்த அடிக்கும் அது பூஜ்யத்தைத் தொடக்கூடாது. சவுண்ட் செக்கில் மிருதங்கக்காரரை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பேச்சைத் தெளிவாக்க வந்த வசதி அது. தம்புராவின் ரீங்காரத்தை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும்.

இரண்டு தடவை கேட்பது எதனால்? நேரலை சரியாகப் போகிறதா என்று அதே லேப்டாப்பில் யூடியூபைத் திறந்து வைத்திருப்பீர்கள். அந்தச் சத்தத்தை ஓபிஎஸ்ஸின் 'டெஸ்க்டாப் ஆடியோ' பிடித்துத் திரும்ப அனுப்பிவிடுகிறது. அதை மியூட் செய்யுங்கள், வெப்கேமின் மைக்கையும் அணைத்துவிடுங்கள். நேரலையைப் போனில் பாருங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். 720பி, நொடிக்கு 30 ஃபிரேம், 4,000 கேபிபிஎஸ், சிபிஆர் (பிட்ரேட்டை ஒரே அளவில் வைக்கும் முறை), கீஃபிரேம் (முழுப் படம் அனுப்பும் இடைவெளி) 2 நொடி. கச்சேரிக்கு இது போதும். ஹாலின் அப்லோடு வேகம் அந்த 4,000 கேபிபிஎஸ்ஸைப்போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். டவுன்லோடு வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள், ஹால் நிறைந்ததும் வைஃபை திணறத்தான் செய்யும். ஓபிஎஸ்ஸில் 'டிராப்டு ஃபிரேம்ஸ்' எண்ணிக்கை ஏறினால் கோளாறு இணையத்தில். 'என்கோடிங் ஓவர்லோடட்' என்று வந்தால் லேப்டாப் திணறுகிறது. என்கோடரை (படத்தைச் சுருக்கும் பகுதி) பிராசசரில் ஓடும் எக்ஸ்264-இலிருந்து, கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் என்விஎன்சி அல்லது குயிக்சிங்க்குக்கு மாற்றுங்கள்.

உதடும் பாட்டும் ஒட்டவில்லையா? கேமரா முன் ஒருமுறை கைதட்டி, 'அட்வான்ஸ்டு ஆடியோ' பகுதியில் சிங்க் ஆஃப்செட்டை (ஒலியைத் தாமதப்படுத்தும் அளவு) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள். ஒலி முந்தி வந்தால் இது சரியாக்கிவிடும்.

அப்புறம், நேரலையோடு 'ஸ்டார்ட் ரெக்கார்டிங்'கையும் அழுத்திவிடுங்கள். நடுவில் இணையம் அறுந்தாலும் முழுக் கச்சேரி கையில் இருக்கும், மறுநாள் ஏற்றிவிடலாம்.