ஐபோனா, அன்ட்ரொயிட்டா? வன்னி வாசகர் கேட்டவை

மகள் ஏ.எல். படிக்கிறாள். ஐந்து வருசம் தாங்குகிற போன் வேணும். எதை வாங்கலாம்?
(ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

அன்ட்ரொயிட் போனை இரண்டு வருடத்தில் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம் சும்மா வந்ததல்ல. 2015இல் வந்த ஐபோன் 6எஸ் 2021 வரை புதிய மென்பொருள் பதிப்புகளைப் பெற்றது. அந்தக் காலத்து அன்ட்ரொயிட்கள் கிட்டவும் வரவில்லை. இப்போது அப்படியில்லை. 2024இல் வந்த சாம்சங் ஏ16க்கே ஆறு வருட அப்டேட் உண்டு, விலை கூடிய எஸ்24க்கு ஏழு. ஆனால் அந்த ஆறு வருடம், போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. இரண்டு வருடப் பழைய மொடலைப் புதுப் பெட்டியில் வாங்கினாலும் மிச்சம் நான்குதான்.

நான் அன்ட்ரொயிட் பக்கம்தான் நிற்பேன். கிளிநொச்சியில் என் மேசைக்கு உடைந்த திரையோடு வருகிற அன்ட்ரொயிட்டைப் பெரும்பாலும் பின்னேரத்துக்குள் திருத்திக் கொடுத்துவிடுவேன். ஐபோன் என்றால் கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை பிள்ளை போனில்லாமல் இருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து அண்ணா தன் பழைய ஐபோனை அழித்துவிட்டு அனுப்பினார். இப்போது அவருடைய ஐடியைக் கேட்கிறது. பழுதா?
(மல்லாவி வாசகர்)

பழுதில்லை தம்பி, பூட்டு. 2013 முதல் ஐபோனில் இருக்கிறது. திருடியவனுக்குப் போன் உதவக்கூடாது என்று வைத்தது, அழித்தாலும் போகாது. அண்ணா அங்கிருந்தபடியே அப்பிளின் ஐகிளவுட் இணையத்தளத்துக்குள் போய், ‘ஃபைன்ட் மை’ பட்டியலில் இந்தப் போனைத் தன் கணக்கிலிருந்து நீக்கட்டும். அவ்வளவுதான் வேலை.

‘உடைத்துத் தாறம்’ என்பவர்களிடம் மட்டும் காசு கொடுக்காதீர்கள். ஒரு ஐயா அப்படி எங்கேயோ கொடுத்து ஏமாந்து, திருகாணி இரண்டு குறைந்த போனோடு என்னிடம் வந்தார். மகன் லண்டனில். அவருக்கு அழைப்பெடுத்தோம், தேநீர் ஆறுவதற்குள் போன் திறந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை, கொடுத்த காசு அவருடைய ஒரு கிழமைக் கூலி.

அனுப்புகிற சொந்தக்காரருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு அழிக்க வேண்டும், வேறு சிம் ஏற்குமா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் போடும் இடமே இல்லை, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் மட்டும்தான். அப்புறம், அன்ட்ரொயிட்டிலும் இதேபோல கூகிள் கணக்குப் பூட்டு உண்டு.

அப்பாவின் ஐபோன் 6இல் வட்ஸ்அப் நின்றுவிட்டது.
(விசுவமடு)

திருத்த முடியாது. 2025 மே முதல் வட்ஸ்அப்புக்கு ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 15.1 வேண்டும், அந்தப் போன் 12ஐத் தாண்டாது. படங்களை எடுத்து வைத்துவிட்டு வேறு போன் பாருங்கள்.

அப்டேட் போட்டபிறகு சார்ஜ் நிற்குதில்லை. இனிப் போடாமல் விடலாமா?
(துணுக்காய் விவசாயி)

விடாதீர்கள். வங்கிக் கணக்கைப் போனில் வைத்திருப்பவர் கட்டாயம் போட வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு ஓரிரு நாள் போன் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும், சார்ஜ் குறைவது இயல்பு. அதற்குப் பிறகும் குறைந்தால் பற்றரியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வயலில் போனை எங்கே வைக்கிறீர்கள்? ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் வெப்ப எல்லை 35 பாகை செல்சியஸ். ஓகஸ்ட் வெயிலில் டிரக்டர் இருக்கைமேல் கிடக்கிற போன் அதை எப்போதோ தாண்டிவிடும், அன்ட்ரொயிட்டும் தப்பாது. சாப்பாட்டுப் பையோடு மரநிழலில் வையுங்கள். திரையோரம் நகம் நுழையுமளவு எழும்பியிருந்தால் பற்றரி வீங்கிவிட்டது. சார்ஜ் போடாமல், போனை அணைத்து, உடனே கடைக்குக் கொண்டுபோங்கள்.