சாண்டானாவும் ஷென்சென் பஸ்களும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சீனாவின் மாகாண, நகர அரசுகள் உள்ளூர்த் தொழிலைக் காக்கப் போட்ட தடைகள் அந்நாட்டுத் தொழில்நுட்பத்தைப் பின்னுக்கு இழுத்தன என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஷென்சென் நகரம் தன் பஸ்களையும் டாக்சிகளையும் உள்ளூர் நிறுவனமான பிஒய்டியிடம் வாங்காமல் இருந்திருந்தால் அந்த நிறுவனம் இன்று உலகச் சந்தையில் நிற்குமா? நாற்றுக்கு வேலி வேண்டாமா? இன்னொரு கேள்வி: இந்த உள்ளூர்த் தடைகளை நீக்கி 'ஒருங்கிணைந்த தேசியச் சந்தை' அமைப்போம் என்று 2022-இல் மத்திய அரசு அறிவித்ததே, அது எதையாவது மாற்றுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஷென்சென் உதாரணம் வலுவானது, அதற்கு வருகிறேன். முதலில் ஷாங்காய்.

ஜெர்மானிய நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் சாண்டானா காரின் பாகங்களை 1983-இல் அங்கே ஒன்றுசேர்த்துத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அதே வடிவமைப்பில் உருவான பஸாட்டை ஜெர்மனி 1988-இல் நிறுத்திவிட்டது. சீனாவில் அது 2012 வரை உற்பத்தியானது. இடையில் முகப்பு மாறியது, பெயருக்குப் பின்னால் எண் சேர்ந்தது. அடிப்படை வடிவமைப்பு அதேதான். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள்! இறக்குமதிக் கார்கள் மீது மத்திய அரசு போட்ட உயர்ந்த வரிக்கும் இதில் பங்கு உண்டு. பழி முழுவதையும் நகரங்கள் மேல் போட மாட்டேன். ஆனால் உள்நாட்டுப் போட்டியாவது இருந்ததா? ஷாங்காய் டாக்சி என்றால் சாண்டானா. வூஹானில் சித்ரோயன் கூட்டு நிறுவனத்தின் ஃபுகாங். 2008 ஒலிம்பிக்ஸுக்கு முன் டாக்சிகளைப் புதுப்பித்த பெய்ஜிங்கில் உள்ளூர்க் கூட்டு நிறுவனத்தின் ஹூண்டாய் எலன்ட்ரா. 1990-களின் இறுதியில் வெளியூர்க் கார்களுக்கான பதிவெண் கட்டணத்தை ஷாங்காய் ஏற்றியது. பதிலுக்கு வூஹானைத் தலைநகராகக் கொண்ட ஹூபே மாகாணம் சாண்டானா வாங்குபவர்களிடம் தனிக் கட்டணம் கேட்டது. ஒரே நாட்டுக்குள் சுங்கப் போர். சிறிய எஞ்சின் கார்களுக்குப் பல நகரங்கள் போட்டிருந்த தடைகளை நீக்கும்படி 2006-இல் மத்திய அரசே சொல்ல வேண்டியிருந்தது. சிக்கனமான எஞ்சினை உருவாக்கியவருக்கு அந்த நகரங்கள் கொடுத்த பரிசு இது.

ஒரு புதிய எஞ்சினையோ மின்கலத்தையோ உருவாக்க ஆகும் செலவு, பத்தாயிரம் விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நாடு முழுவதும் விற்கலாம் என்றால்தான் அந்தச் செலவைச் செய்யத் துணிவு வரும். ஒரு மாகாணத்துக்குள் அடைபட்ட நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே காலத்தை ஓட்டும். அங்கே கெட்டிக்காரப் பொறியாளரைவிட நகராட்சியில் ஆள் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. இன்னொரு வீணடிப்பும் உண்டு. 'உங்கள் பஸ் வேண்டுமென்றால் எங்கள் ஊரில் ஒரு தொழிற்சாலை கட்டுங்கள்' என்று நகரங்கள் கேட்கும். ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டிய பணம், ஒரே பஸ்ஸின் பாகங்களைப் பல ஊர்களில் ஒன்றுசேர்க்கும் கொட்டகைகளாக நின்றுவிடும்.

இனி ஷென்சென். 2010-இல் பிஒய்டியின் மின்சார டாக்சிகள் அங்கே ஓடத் தொடங்கின. 2017-இல் அந்நகரின் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் அனைத்தும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. பெரும்பாலானவை பிஒய்டி தயாரித்தவை. நாள் முழுவதும் ஓடும் வண்டிகளில் கிடைத்த அனுபவம் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது. இதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஷென்சென் முக்கியமாகச் செய்தது, வேறு எவரும் வாங்கத் தயங்கிய பொருளை வாங்கியதுதான். சந்தையே இல்லாத இடத்தில் முதல் வாடிக்கையாளராக நிற்பது ஒன்று; இருக்கும் சந்தையில் அடுத்த ஊர்க்காரரை நுழையவிடாமல் தடுப்பது வேறு. சாண்டானாவுக்கு ஷாங்காய் செய்தது இரண்டாவது.

அதே பிஒய்டி வெளியூர் போனபோது என்ன ஆனது? 2013 இறுதியில் வந்த அதன் சின், மின்னேற்றியும் ஓட்டலாம், பெட்ரோலிலும் ஓட்டலாம் என்ற கலப்பினக் கார். ஷாங்காய் அதற்கு இலவசப் பதிவெண் கொடுத்தது. பதிவெண்ணுக்குக் குலுக்கல் நடக்கும் பெய்ஜிங்கோ, முழு மின்சாரக் கார்களை மட்டுமே சலுகைக்குரிய 'புதிய ஆற்றல் வாகனம்' என்று ஏற்றது. பெய்ஜிங்கின் அரசு நிறுவனம் முழு மின்சாரக் கார்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் காரணம் சொல்லப்பட்டது, அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனாலும் அந்தக் கலப்பின வகைதான் பின்னாளில் சீனச் சந்தையில் பெரும் பங்கைப் பிடித்தது. ஒரு நகரம் மறுத்ததை இன்னொரு நகரம் ஏற்றதால் தப்பித்த தொழில்நுட்பம் அது. ஆகவே நகரங்கள் தனித்தனியாக முடிவெடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அந்த முடிவு விற்பவரின் ஊரைப் பார்த்து எடுக்கப்படும்போதுதான் கேடு.

2022 அறிவிப்பைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நிர்வாக அதிகாரத்தால் போட்டியைத் தடுப்பதை 2008-இல் நடைமுறைக்கு வந்த ஏகபோகத் தடுப்புச் சட்டமே தடை செய்திருந்தது. 2016-இல் 'நியாயமான போட்டி ஆய்வு' வந்தது. ஒரு விதி போட்டியைக் கெடுக்குமா என்று அந்த விதியை எழுதும் அலுவலகமே சோதித்துக்கொள்ள வேண்டும்! 2024-இல் அதற்கு முறையான சட்ட விதிகளும் வந்தன. நோக்கம் நல்லதுதான். தடை போடும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1994 வரிச் சீர்திருத்தம் மதிப்புக்கூட்டு வரியில் 75 சதவீதத்தை மத்திய அரசுக்கும் 25 சதவீதத்தை உள்ளூருக்கும் பிரித்தது. 2016 முதல் பாதிக்குப் பாதி. உள்ளூர்ப் பங்கு பெரும்பாலும் தொழிற்சாலை இருக்கும் ஊருக்குப் போகிறது, வாங்குபவர் இருக்கும் ஊருக்கு அல்ல. அதிகாரிகளின் பதவி உயர்வும் உள்ளூர் வளர்ச்சிக் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. எனவே புதிய அறிக்கைகளைவிட, அந்த வரி எந்த ஊருக்குப் போகிறது என்பதில் மாற்றம் வருகிறதா என்றுதான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.